‘ரெண்டு சாவி’யைக் கேட்ட மணவாளன்

மணவாளன் எந்தப் பஞ்சாயத்துக்கும் போகிற ஆள் இல்லை. தெருவில் சண்டை என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்த் திசையில் டீ குடிக்கப் போகிறவன். ஒரு பக்கம் பேசினால் இன்னொரு பக்கத்தோடு ஆயுசுக்கும் பகை, நமக்கு எதற்கு வம்பு என்பது அவன் கட்சி. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் சீட்டில் பெண்டாட்டி பூவம்மாள், அவள் மடியில் ஒரு பை இறால் என்று, புதுவாயலிலிருந்து வேப்பம்பட்டுக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போனான். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போட்ட ராக் ஆல்பத்தில் பெண் குரல் சரியாக இருக்கிறதா இல்லையா என்று அவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு கோணினால் அந்தக் குடும்பம் ரெண்டாகும் நிலைமை.

காலையில் அன்புராஜ் போன் பண்ணியிருந்தான்.

“அண்ணே, நீ வந்தாத்தான் ஆவும். நர்மதா பைய எடுத்து வெச்சுகினா. வள்ளூருக்குப் போறாளாம், அவங்க அம்மா ஊட்டுக்கு.”

“இன்னாத்துக்குடா?”

“பாட்டுக்குத்தாண்ணே. ஆல்பம் வெளியிடற கம்பெனிக்காரன் இன்னிக்கு இருட்டறதுக்குள்ள அனுப்புன்றான். இவ அனுப்பவுட மாட்டேன்றா. கடைசியா ஒண்ணு சொன்னா, மணவாளண்ணன் வந்து கேட்டு, சரின்னு சொன்னா சரின்னா.”

வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் மணவாளன் போனை வைத்திருப்பான். ஆனால் மாட்டேன் என்று சொல்ல முடியாத இடம் அது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டபோது, நர்மதா வீட்டிலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. பெண் பக்கம் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் அவள் முழித்துக்கொண்டு நின்றாள். அன்புராஜுக்காக மாலை வாங்கிக்கொண்டு போயிருந்த மணவாளன், பேனாவை வாங்கி அவள் பக்கம் கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து அவளுக்கு அவன்தான் பிறந்த வீடு. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பதுகூட அவன்தான்.

அன்புராஜும் அவனும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனி. லாரிக்கு வேண்டிய இரும்பு உருப்படிகளைக் காய்ச்சி அடிக்கிற இடம். அன்புராஜுக்கு உலைப் பக்கம் வேலை. மணவாளனுக்குச் சுத்தி. மாடி உயரத்துக்கு நிற்கும் அந்த ஹாம்மருக்கு அடியில், சிவந்து வருகிற கட்டியை அச்சில் வைத்துப் பெடலை மிதித்தால், மேலிருந்து இறங்கும் அடியில் தரை அதிரும், பல் அதிரும். இருபது வருஷத்துக்கு மேல் மிதித்தாயிற்று. பிறந்தது என்னவோ பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பத்தில். அண்ணன்மார் இன்னும் வலை போடுகிறார்கள். இவன் ஒருத்தன்தான் படகில் ஏறினால் வாந்தி எடுத்தவன். மீன்காரன் வீட்டில் பிறந்து தண்ணி ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று நெருப்புப் பக்கம் வந்து சேர்ந்தான்.

அந்தப் பட்டறையில், அவர்கள் பேச்சில் ‘ஷாப்’பில், யாரும் பேசிக் கேட்பதில்லை. கை காட்டினால் ஒரு அர்த்தம், வாயை அசைத்தால் ஒரு அர்த்தம், அதை வைத்தே வேலையும் நடக்கும், வம்பும் நடக்கும், கெட்ட வார்த்தையும் நடக்கும். காதுக்கு அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அது எல்லோர் கழுத்திலும் தாலி மாதிரி தொங்கும். சேப்டி ஆபீசர் வந்தால் காதுக்கு ஏறும், போனால் இறங்கும். அடைத்துக்கொண்டால் வேர்வையில் வழுக்குகிறது, சுத்தி விழுகிற சத்தத்தில் வரும் பேதம் தெரிவதில்லை என்று ஆளுக்கொரு காரணம்.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி வாசலில் காது பார்க்கிற வேன் ஒன்று வந்து நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். பீப் சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கேட்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் ஹாம்மரிலிருந்து தூக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். ஹாம்மர் அலவன்சும் போகும், கூடவே கெத்தும் போகும். அதனால் ஒருத்தனும் காதை நம்புவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் விரலைப் பார்ப்பான், புருவத்தைப் பார்ப்பான், அவள் தலை லேசாகக் குனிந்தால் அமுக்குவான். வாயசைவைப் படித்துப் பழகிய கூட்டத்துக்கு இது பெரிய வித்தையா? ஷாப்பில் அத்தனை பேருக்கும் ‘நார்மல்’. மணவாளனுக்கு வருஷா வருஷம் ‘நார்மல்’. கொஞ்ச காலத்தில் அவனே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான்.

அவன் ராக் பாட்டு கேட்க ஆரம்பித்தது கம்பெனி பஸ்ஸில். பஸ் திருநின்றவூர்ப் பக்கமிருந்து வரும், அன்புராஜ் அதில் வருவான், மணவாளன் புதுவாயல் கூட்டு ரோட்டில் ஏறுவான். ஒரு நாள் அன்புராஜ் இயர்போனில் ஒரு பக்கத்தை இவன் காதில் செருகினான். டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து இடித்தன. சினிமாப் பாட்டு எதுவுமே மனதில் ஒட்டாத மணவாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “டேய், இது நம்ம ஷாப்புடா!” என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் தினமும் சிப்காட் கேட் வருகிற வரை ஒரே இயர்போனில் ரெண்டு தலை.

அன்புராஜ் கிடார் வாசிப்பவன். நர்மதா எழுதுவாள், பாடுவாள். அம்பத்தூரில் ஒரு கஸ்டமர் கேர் ஆபீஸில் வேலை. அவன் ஷிப்ட் முடித்து வரும்போது அவள் ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு ரெண்டு சாவி. அந்தக் குடித்தனத்தைத்தான் எட்டுப் பாட்டாகப் போட்டு, ‘ரெண்டு சாவி’ என்று பேரும் வைத்தார்கள். பாடி முடித்தது வரை நன்றாகத்தான் போயிற்று. எல்லாச் சத்தத்தையும் அளவு பார்த்துச் சேர்க்கிற வேலையை அன்புராஜ் எடுத்துக்கொண்டான். அங்கே பிடித்தது சனி.

வேப்பம்பட்டு வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் மணவாளன் கண்ணில் பட்டது கதவோரம் நின்ற பை. ஜிப் மூடியிருந்தது. நர்மதா “வாங்கண்ணே, வாங்கண்ணி” என்று தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது. பூவம்மாள் பையையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள், இறாலை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். அவளுக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

“அண்ணே, நானே சொல்லிடறேன்,” என்றாள் நர்மதா. “என் குரல் தகரத்தக் கீறுற மாதிரி கீது. ஸ்… ஸ்… ன்னு காத அறுக்குது. மூணு மாசமா சொல்றேன், கொறன்னு. ஒவ்வொரு வாட்டியும் இன்னும் ஏத்தறான்.”

“கொறச்சா நீ பாடறதே தெரியலடி!” என்றான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த அன்புராஜ்.

“என் ஆபீஸ் பொண்ணு ரெண்டு நிமிசம் கேட்டுட்டு ஹெட்போனக் கழட்டிட்டாண்ணே.”

“அவளுக்கு ராக்கு பத்தி இன்னா தெரியும்?”

“சரி, ஒனக்குத் தெரியுது இல்ல? அப்ப இதுக்குப் பதில் சொல்லு.” நர்மதா அவனுக்கு எதிரில் வந்து நின்றாள். “ஆறாவது பாட்டுல நான் ஒன்னக் குத்தம் சொல்றேன். அதுலதான் எல்லாத்துலயும் மோசமா ஏத்தி வெச்சுகிற. கேக்கறவன் இன்னா நெனப்பான்? வாயாடி, பஜாரி, இவளக் கட்டிகினு எப்டிடா குப்ப கொட்றான்னு உன்மேல எரக்கப்படுவான். அதுக்குத்தான பண்ற?”

இப்படி ஒரு பழி வரும் என்று அன்புராஜ் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மணவாளன் ரெண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

“மொதல்ல பாட்டப் போடு. கேட்டுட்டுச் சொல்றேன்.”

உண்மையில் அவன் ஒரு வாரமாகவே போனில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பூவம்மாள் அவனை மொட்டை மாடிக்குத் துரத்தியிருந்தாள். ஆனால் ரெண்டு பெரிய ஸ்பீக்கரில் கேட்பது வேறு. முதல் பாட்டு பூட்டு திறக்கிற சத்தத்தில் ஆரம்பித்தது. பின்னாலேயே கிடார், உலைக் கதவு தூக்கினால் அனல் வருமே, அப்படி முகத்தில் வந்து அறைந்தது. நாலுக்கு ஒரு தரம் டிரம்ஸ் இறங்கும் இடத்தில் மணவாளனின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கூலி வாங்கியிருக்கிறான், இப்போதுதான் அதில் ஒரு சந்தோஷம் இருப்பதே தெரிகிறது.

மூன்றாவது பாட்டு நர்மதாவின் ஊர். அனல்மின் நிலையத்துச் சாம்பல் இறங்கும் வீடுகள். ‘கொடியில காயுது துணி, துணி மேல காயுது ஊரு’ என்று அவள் பாடும்போது கிடார் ஒன்றும் செய்யாமல் ஒரே கம்பியில் முனகிக்கொண்டு கிடந்தது. அன்புராஜ் வாயாடி. தன் கிடாரை இந்த அளவுக்கு அடக்கி வைப்பான் என்று மணவாளன் நினைத்ததே இல்லை. பெண்டாட்டி பேசும்போது குறுக்கே பேசாத புருஷனை அந்த ஒரு பாட்டில்தான் கேட்டான்.

ஐந்தாவது பாட்டு அவனுக்கு உயிர். ஷிப்ட் மாறி மாறிப் போகிற ரெண்டு பேர், ஒரே பாய். ‘நீ தூங்குன சூட்டுல நான் தூங்கறேன்.’ அவ்வளவுதான் வரி. திரும்பத் திரும்ப அதையே, முதலில் அவள், அப்புறம் அவன், அப்புறம் ரெண்டு பேரும். மாடியில் முதல் தடவை கேட்டபோது மணவாளன் அழுதுவிட்டான். பூவம்மாளும் அவனும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தார்கள். அவள் அப்போது இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போவாள். நம்மைப் பற்றி யாரோ பாட்டு கட்டிவிட்டார்களே என்று அவனுக்குத் தாங்கவில்லை.

ஆறாவது பாட்டு ஆரம்பித்ததும் நர்மதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ‘கூப்ட்டேன் கூப்ட்டேன், திரும்பல நீ.’ சமையல்கட்டிலிருந்து பூவம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“யப்பா சாமி, நிறுத்துங்கடா! காதுல ஊசி வெச்சுக் குத்தறாப்ல கீது!”

“நீ உள்ள போ. இதெல்லாம் ஒனக்குப் புரியாது,” என்றான் மணவாளன். அவள் முறைத்துவிட்டுச் சமையல்கட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

எட்டாவது பாட்டும் முடிந்தது. நர்மதா அவனைப் பார்த்தாள். பெண் பக்கம் கையெழுத்துப் போட்டவனைப் பார்க்கிற பார்வை அது. மணவாளனுக்கு அவளுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவோ ஆசை. ஆனால் பொய் சொல்லிப் பாட்டைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. அவன் கேட்டதில் அவள் குரல் அத்தனை அழகாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

“கரெக்டா கீதும்மா,” என்றான். “ஒரு குறையும் இல்ல. இதவிடக் கொறச்சா நீ பாடறது இன்னான்னே தெரியாது.”

“பாத்தியா?” என்று அன்புராஜ் துள்ளினான். அவன் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

நர்மதா ஜன்னல் பக்கமிருந்து வந்தாள். தலையை ஆட்டினாள். “சரிண்ணே. ஒங்க வார்த்தைய ஏத்துக்கறேன்னு சொன்னேன். ஏத்துக்கறேன்.” கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி மடித்தாள். “பாட்ட அனுப்பிக்கோ அன்பு. என் பேர மட்டும் எடுத்துடு. நான் கெளம்பறேன்.”

“பேர எடுத்துட்டு யாரு பாடுனதுன்னு போடறது?”

“எவளோ ஒருத்தி.”

“நர்மதா, தங்கச்சி, இரும்மா…” மணவாளன் எழுந்தான். அவள் பையின் ஜிப்பைத் திறந்து துண்டை உள்ளே திணித்தாள். நாம் வந்திருக்கவே கூடாது, ஒரு ஜுரம் கிரம் என்று சொல்லியிருக்கலாம் என்று அவன் மனம் அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

மின்விசிறி சுற்றி நின்றது. லேப்டாப் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மோடத்துக்காக மேஜைக்கு அடியில் ஒரு யூபிஎஸ் வைத்திருந்தார்கள். அது கரண்ட் போனால் போடுகிற கீச்சுச் சத்தத்தில் கத்த ஆரம்பித்தது. நர்மதா பையோடு நின்று, அன்புராஜ் குனிந்து அதை அமர்த்துவான் என்று பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தபடி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அது கத்திக்கொண்டே இருந்தது.

“அத ஆப் பண்ணேன்,” என்றாள் எரிச்சலோடு.

“எத?”

“எதவா? அது அடிக்குது பாரு.”

“இன்னா அடிக்குது?”

விளையாடுகிறான் என்று நினைத்து அவள் முகம் சிவந்தது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. அவள் மெதுவாக மணவாளன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, ஒங்களுக்குக் கேக்குதா?”

மணவாளனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி நின்ற அமைதிதான் இருந்தது. அவன் கண் தன்னால் வாசற்படிக்குப் போயிற்று. அங்கே பூவம்மாள் முகத்தைச் சுளித்து மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துச் செய்ததல்ல, வருஷக்கணக்காகப் பழகிய பழக்கம்.

“ஆங், கேக்குதே,” என்றான். “கீழேந்து வருது.”

நர்மதா அவன் கண் போன வழியைப் பார்த்திருந்தாள். மேஜைக்கு அடியில் மண்டியிட்டாள். அவள் முதுகு யூபிஎஸ்ஸை மறைத்தது. கொஞ்சம் பொறுத்துத் தலையை மட்டும் திருப்பினாள்.

“இப்பண்ணே? இன்னும் அடிக்குதா?”

மறுபடி அவன் பூவம்மாளைப் பார்த்தான். அவள் வாய் பிளந்து நின்றாள்.

“அடிக்குதும்மா. நல்லா கேக்குது.”

“யோவ்,” என்றாள் பூவம்மாள். “அவ அத அப்பவே அமத்திட்டாய்யா.”

மணவாளன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். நாற்காலி இருந்ததால் பிழைத்தான். நாற்பத்தாறு வயதில், ரெண்டு பெண்கள் முன்னால், கூண்டுக்குள் உட்கார்ந்து இல்லாத சத்தத்துக்குப் பட்டனை அமுக்கியவன் மாதிரி மாட்டிக்கொண்டதில் அவனுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். பயம் அதற்கப்புறம் வந்தது. அது வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நர்மதா மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். “இப்ப அடிக்குது. அன்பு, என்னப் பாக்காத. அந்தச் செவுத்தப் பாரு. கேக்குதா?”

அன்புராஜ் எழுந்து சுவரைப் பார்த்து நின்றான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

“கம்பெனில காது டெஸ்ட் எடுக்கறாங்களே? நார்மல்னு வந்துச்சே? நான்தான கேட்டேன், நீ நார்மல்னு சொன்னியே?”

அவன் மணவாளனைப் பார்த்தான். மணவாளன்தான் சொன்னான். வேன், கண்ணாடி, அந்தப் பக்கத்துப் பெண்ணின் விரல், புருவம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவனுக்கே உறைத்தது. ஷாப்பில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

“ரெண்டு பேரும் கண்ணால டெஸ்ட் எழுதிகினு வந்தீங்களா?” நர்மதா கத்தினாள். “அலவன்சுக்காகவா? அந்தப் பிச்சக் காசுக்காகவா? நான் சமையக்கட்டுலேந்து கூப்டறேன், திரும்ப மாட்டேன்ற. ரயிலுக்குப் போறேன்னு வாசல்லேந்து சொல்றேன், ஏன்னு கேக்க மாட்டேன்ற. திமிருன்னு நெனச்சேன். என்னப் புடிக்கலன்னு நெனச்சேன். ஒக்காந்து அதுக்கு ஒரு பாட்டு வேற எழுதினேன்!”

“அது… நெஜமாவே நீ கூப்ட்டதா?” என்றான் அன்புராஜ். “நான் சும்மா பாட்டுக்குன்னு நெனச்சேன்.”

அவள் பொத்தென்று பையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். பூவம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

“இந்தாளும் அப்டித்தான் தாயி. டிவி வெச்சா பக்கத்து ஊட்டுக்காரன் சண்டைக்கு வர்றான். வயசாச்சு, அப்டித்தான்னு உட்டுட்டேன்.” பிறகு புருஷனைப் பார்த்து, “அடுத்த வாட்டி அந்த வேன் வந்தா நீ கண்ண மூடிகினுதான் ஒக்கார்ற. இல்ல, நானே வந்து கண்ணப் பொத்துவேன்,” என்றாள். அவள் செய்வாள். மணவாளனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அன்புராஜ் தரையில் நர்மதாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். “நீ நேர்ல பாடறப்ப எனக்குப் புரியுது நர்மதா. ஒன் வாயப் பாத்துகினு கீறேன் இல்ல. ரெகார்டுல போட்டா எழுத்தெல்லாம் காணாப்போவுது. அதான் ஏத்தினேன். ஏத்தி ஏத்திப் பாத்தேன். ஒன்ன நல்லாக் கேக்கணும்னுதான் ஏத்தினேன். ஒன்ன அசிங்கப்படுத்தணும்னு இல்ல.”

“போன காது திரும்பி வருமா?” என்று நர்மதா கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கரண்ட் வந்ததும் அன்புராஜ் மறுபடி லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தான். வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நர்மதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து லேப்டாப் முன்னால் போனாள். “தள்ளு. நான் பண்றேன்.”

மூன்று மாதமாக யாரையும் உட்காரவிடாத நாற்காலியிலிருந்து அன்புராஜ் எழுந்தான். நர்மதா ஆபீஸில் நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி ஊரார் குரலைக் கேட்கிறவள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று கற்றும் வைத்திருந்தாள். ஆறாவது பாட்டைப் போட்டுவிட்டுத் திரையில் தன் குரலுக்கான ஒரு கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“ஐயோ, போச்சு! ஒன் குரலே போச்சு!” அன்புராஜ் பாய்ந்து அவள் கையோடு மவுசைப் பிடித்தான். “வேணாம் நர்மதா, ஒண்ணுமே இல்ல இப்ப.”

“கீது அன்பு. இப்பத்தான் ஒழுங்கா கீது.”

“இல்லடி, எனக்குத் தெரியாதா?”

மணவாளன் அவன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினான். கொஞ்சம் பலமாகவே பிடிக்க வேண்டியிருந்தது. “உடுறா. நம்ம ரெண்டு பேரும் இதுல ஆளே கெடையாது. நான் சொன்ன தீர்ப்பும் செல்லாது.” அதைச் சொல்ல அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

அவள் ஒவ்வொரு பாட்டாக இறக்கிக்கொண்டு வந்தாள். சில இடத்தில் நிறுத்தி, “அண்ணி, இப்ப குத்துதா?” என்று கேட்டாள். “இல்ல தாயி, இன்னும் கொஞ்சம்,” என்றாள் பூவம்மாள். இதெல்லாம் புரியாது என்று துரத்தப்பட்டவள் இப்போது ஸ்பீக்கருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது பாட்டு வந்தபோது மணவாளன் கண்ணை மூடிக்கொண்டான். கிடார் வந்தது. டிரம்ஸ் வந்தது. நர்மதா பாட வேண்டிய இடத்தில் ஒரு முனகல் மட்டும் வந்தது. அதில் எழுத்து இல்லை, வார்த்தை இல்லை. ஒரு வாரமாக மாடியில் அவன் கூடவே இருந்த அந்த வரியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் பூவம்மாள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாமா பாடறா இந்தப் பொண்ணு,” என்றாள்.

“இன்னா சொல்றா?” என்று அவளைக் கேட்டான். அவனுக்குத் தெரியாத வரியா? இருந்தாலும் கேட்டான்.

பூவம்மாள் அவன் பக்கம் திரும்பி, அவன் முகத்துக்கு நேராக, கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள். “நீ தூங்குன சூட்டுல நான் தூங்கறேன்றா.”

எட்டுப் பாட்டும் முடிந்தபோது வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. நர்மதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “நீயே அனுப்பு அன்பு,” என்றாள். ரெண்டு பேர் பேரும் திரையில் இருந்தது. அவளுடையது முதலில்.

அன்புராஜ் உட்கார்ந்தான். உடனே அனுப்பவில்லை. கடைசியாக ஒரு தடவை ஆறாவது பாட்டைப் போட்டான், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டான், சத்தத்தைக் கூட்டிக் கேட்டான். அவன் தோள் தளர்ந்தது. அவள் வார்த்தை எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை என்பது மணவாளனுக்குத் தெரிந்தது, ஏனென்றால் தனக்கும் கிடைக்கவில்லை.

“நர்மதா,” என்றான் திரையைப் பார்த்தபடி. “நீ கீறியா இதுல?”

பின்னால் நின்றபடியே பதில் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் நிறுத்தினாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்தாள். அவன் தலை நிமிர்கிற வரை காத்திருந்தாள்.

“கீறேன்,” என்றாள்.

அன்புராஜ் அவள் உதட்டைப் பார்த்தான். அப்புறம் தன்னால் கேட்க முடியாத அந்தப் பாட்டுகளை அனுப்பினான்.